சோலோவுக்கு பூஸ்ட் பெடல் வாங்குகிறவர்கள் செய்கிற தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

போன வாரம் கோடம்பாக்கத்தில் ஒரு ரிகர்சல் ரூம். எங்கள் முறை வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது, உள்ளே காலேஜ் பையன்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், சோலோ (கிடார் தனியாக முன்னுக்கு வந்து வாசிக்கிற இடம்) வந்ததும் கிடார் வாசிக்கிற தம்பி காலால் ஒரு பூஸ்ட் பெடலை, அதாவது அந்த நேரத்துக்கு மட்டும் சத்தத்தை ஏற்றுகிற டப்பாவை, அழுத்துகிறான், முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு, ஆனால் சத்தம் ஒரு துளி ஏறவில்லை. மறுபடி அழுத்துகிறான். குனிந்து நாபைத் திருகுகிறான். அதற்குள் சோலோவே முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டான்: "அண்ணா, புது பூஸ்டர்ணா. ஃபுல்லா வச்சும் ஏறவே மாட்டேங்குது. பீஸ் ஃபால்ட்டா இருக்குமாண்ணா?"

பெடலில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே முகத்தோடு நான் இன்னொரு அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், அதனால் பையனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. அன்றைக்கு அவனிடம் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். கேபிளைச் சரிபார், கிடாரை டியூன் பண்ணு மாதிரி அறிவுரையெல்லாம் கிடையாது. அது உங்களுக்கே தெரியும்.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பூஸ்டை வைத்துவிட்டு சத்தத்துக்குக் காத்திருப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த ஒன்றுக்குத்தான். (டிஸ்டார்ஷன் என்பது ராக் பாட்டில் கேட்கிற மாதிரி கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடல்.)

அம்பத்தூர் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன், மெல்லிசைக் கச்சேரி. இரண்டு மாத புரோகிராம் காசைச் சேர்த்து, மவுண்ட் ரோடு போய் ஒரு கிளீன் பூஸ்ட் (கரகரப்புச் சேர்க்காமல் சத்தத்தை மட்டும் ஏற்றுகிற வகை) வாங்கி வந்திருந்தேன். நெட்டில் பார்த்த படங்களில் எல்லாம் பூஸ்டர் கிடாருக்குப் பக்கத்திலேயே முதல் ஆளாக இருந்தது, நானும் அப்படியே வைத்தேன். அடுத்து டிஸ்டார்ஷன், அதில் கெய்ன் (கரகரப்பின் அளவு) முக்கால்வாசி திறந்திருந்தது. சோலோ வந்தது, அழுத்தினேன். சத்தம் தடித்தது, நோட்டு இழுத்துக்கொண்டு நின்றது, மேடை முழுக்கத் தொங்கவிட்டிருந்த சீரியல் லைட்டின் இரைச்சல் வேறு என் கிடாரின் சிங்கிள் காயில் பிக்கப் (சுற்றியுள்ள மின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிற வகை) வழியாக 'ஊ' என்று பெரிதாகக் கிளம்பியது. வால்யூம் மட்டும் அங்கேயே இருந்தது. இறங்கி சாப்பிடப் போகும்போது எங்கள் டிரம்மர் கேட்டான்: "டேய், சோலோ எப்படா வந்துச்சு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெடலுக்கு பவர் பத்தவில்லை என்று முடிவு கட்டி, பாதி விலைக்கு விற்றுவிட்டு, இன்னும் அதிக பூஸ்ட் தருவதாக டப்பாவில் போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். அதே கதை. அப்புறம் மூன்றாவது. ஒரு வருஷத்தில் மூன்று பெடல், இருபதாயிரத்துக்குக் கிட்டே போச்சு. கடைசியில் ஒரு அண்ணன் வந்து பெடல்களை இணைக்கிற இரண்டு பேட்ச் கேபிளைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினார். பத்து விநாடி வேலை, காசு கிடையாது.

நடந்தது இதுதான். பெரும்பாலான டிஸ்டார்ஷன் பெடல்களுக்குள் சிக்னல் முதலில் பெரிதாக்கப்பட்டு, அப்புறம் டயோடுகளில் போய் முட்டும். சாதாரண சிலிக்கன் டயோடு என்றால் சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் அலையின் தலையை எழும்ப விடாது, சீவிவிடும். அந்தச் சீவல்தான் நாம் ஆசைப்படுகிற டிஸ்டார்ஷன். இப்போது முன்னால் பூஸ்ட் போட்டு இரண்டு மடங்கு அனுப்பினாலும் பத்து மடங்கு அனுப்பினாலும், வெளியே வருகிற அலையின் உயரம் ஏறக்குறைய அதேதான். இன்னும் தட்டையாகச் சீவப்படும், நோட்டு இன்னும் நீளும், நோட்டுக்கு நடுவில் இருக்கிற இரைச்சல் எல்லாம் எழுந்து வரும். ஃபில்டர் காபி குடிக்கிற ஊரில் இதை விளக்குவது சுலபம்: டிகாக்‌ஷனைக் கூட்டினால் காபி ஸ்ட்ராங் ஆகும், டம்ளர் பெரிதாகாது.

அதே பெடலை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வையுங்கள். ஏற்கெனவே சீவி முடித்த அலை அப்படியே உருவம் மாறாமல் பெரிதாகும், அதுதான் சத்தம். டிலே, ரிவெர்ப் மாதிரி எதிரொலி சேர்க்கிற பெடல்கள் இருந்தால் அவற்றுக்கு முன்னால் பூஸ்டை வைப்பது என் பழக்கம், ஏனென்றால் சோலோ முடிந்து பூஸ்டை அணைக்கும்போது கடைசி நோட்டின் எதிரொலி வெட்டுப்படாமல் தானாகத் தேய்ந்து அடங்கும். டிலேக்குப் பின்னால் வைத்தால் அந்த எதிரொலியும் சேர்ந்து சட்டென்று விழும்.

டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து இல்லாமல் ஆம்ப்பிலிருந்தே (கிடார் சத்தத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் தருகிற பெட்டி) வருகிறது என்றால்? ஆம்ப்பின் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அதுதான் எஃபெக்ட்ஸ் லூப், ஆம்ப் தன் டிஸ்டார்ஷனை முடித்த பிறகு சிக்னல் வெளியே போய்த் திரும்புகிற வழி. அதில்தான் பூஸ்ட் போக வேண்டும். மாஸ்டர் வால்யூமை முழுசாகத் திறந்து வைத்திருந்தால் அதுவும் உதவாது, ஸ்பீக்கரைத் தள்ளுகிற பவர் செக்‌ஷனே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். ஏறுவதற்கு இடம் விட்டு வையுங்கள்.

"அப்போ பெரிய ஆளுங்க எல்லாம் முன்னாடிதானே வச்சாங்க?" தம்பியும் கேட்டான். நியாயமான கேள்வி. 1960-களில் வந்த டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற டிரெபிள் பூஸ்டரை (மேல் ஒலியைக் கூடுதலாக ஏற்றுகிற பூஸ்ட்) ராக் கிடாரிஸ்டுகள் ரோரி கல்லகரும் டோனி அயோமியும் ஆம்ப்புக்கு முன்னால்தான் வைத்தார்கள். குயீன் குழுவின் பிரையன் மே இன்றைக்கும் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பை டிரெபிள் பூஸ்டர் போட்டுத்தான் தள்ளுகிறார். ஆனால் அவர்கள் தேடியது வால்யூம் இல்லை, வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் நிரம்பி வழிகிற அந்தச் சத்தம். மே அதை எப்போதும் போட்டே வைத்திருப்பார், சத்தத்தைத் தணிக்க வேண்டும் என்றால் கிடாரில் இருக்கிற வால்யூம் நாபைக் குறைப்பார். நீங்கள் அப்படி வாசிப்பவர் என்றால் முன்னாலேயே வையுங்கள், யார் வேண்டாம் என்றது?

நம் கதை வேறு. மேடை ஏறும்வரை வாடகைக்கு வந்திருக்கிற ஆம்ப் எதுவென்றே தெரியாது. ஒரு நாள் ரோலண்ட் ஜேசி-120 நிற்கும். அது எவ்வளவு சத்தத்திலும் கிளீனாகவே இருக்கிற ஜாதி, நேராக அதன் முன்னால் பூஸ்ட் போட்டால் சத்தம் ஏறத்தான் செய்யும். மறுநாள் ஒரு மார்ஷல், கெய்ன் ஏற்றி வைத்திருப்பார்கள், அதே பெடல் அங்கே சும்மா கிடக்கும். "நேத்து வேலை செஞ்சுதே" என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். போனில் டெசிபல் அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டு, உங்கள் டிஸ்டார்ஷன் டோனில் அதே ரிஃப்பை (சின்ன வாசிப்புத் துண்டை) பூஸ்ட் இல்லாமலும் பூஸ்டோடும் ஒரே வேகத்தில் வாசித்துப் பாருங்கள். எண் நகரவில்லை என்றால் பெடலை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

டெசிபல் எண்ணைப் பார்த்து மயங்குவது

எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் என்ற பூஸ்ட் பெடல் 26 டெசிபல் வரை தரும். கணக்குப் போட்டால் சிக்னல் இருபது மடங்கு. சோலோ எடுபட உங்களுக்கு வேண்டியது 3 முதல் 6 டெசிபல், அதாவது அதிகபட்சம் இரண்டு மடங்கு. மிச்சமெல்லாம் பின்னால் இருக்கிற டிஜிட்டல் டிலேயின் இன்புட்டை அலற வைக்கத்தான் உதவும். இருபது தருகிறதா முப்பது தருகிறதா என்று கடையில் நின்று ஆராய வேண்டாம், அந்த நாபை முதல் கால்வாசிக்குள் நடுங்காமல் நுணுக்கமாகத் திருக முடிகிறதா என்று பாருங்கள்.

பெட்ரூம் டோன்

வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்ஸை, அதாவது நடு ஒலியை, குழி தோண்டி, கீழே இருக்கிற பாஸையும் மேலே இருக்கிற டிரெபிளையும் ஏற்றினால் காதுக்குச் சுகமாகத்தான் இருக்கும். மேடையில் கீழே பாஸ் கிடாரும் கிக் டிரம்மும் இருக்கின்றன, மேலே சிம்பல் இருக்கிறது, மீதி இடம் முழுக்கக் கீபோர்டுக்காரர் இரண்டு கையாலும் பாய் விரித்திருக்கிறார். அந்தக் குழிக்குள் உங்கள் சோலோ விழுந்துவிடும், எத்தனை பூஸ்ட் போட்டாலும் ஏறி வராது.

இதனால்தான் பலர் சோலோவுக்கு வெறும் பூஸ்டை விட்டுவிட்டு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (மெல்லிய டிஸ்டார்ஷன்) பெடலுக்குப் போகிறார்கள். அதன் சர்க்யூட் அடிப் பகுதியை வெட்டி, 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு கட்டும். டிரைவைக் (கரகரப்பைக்) குறைத்து லெவலை ஏற்றினால் அதுவே மிட் பூஸ்ட். என் கையில் இப்போது இருப்பது பாஸ் (Boss) கம்பெனியின் ஜிஇ-7 ஈக்வலைசர், ஒவ்வொரு ஒலிப் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்குகிற பெடல்: டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், 800 ஹெர்ட்ஸில் நான்கு டெசிபல், 1.6 கிலோஹெர்ட்ஸில் இரண்டு, 100 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் கீழே, லெவல் மூன்று. பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லாத பெடல், ஆனால் டிரம்மர் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஒரிஜினலா, குளோனா?

நீங்கள் மிதிப்பது அசல் பெடலா, அதைப் பார்த்துச் செய்த நகலா என்று மேடையிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிற யாருக்கும் தெரியாது.

மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர் பூஸ்ட் வாங்குவது

பல பெடல்களின் வேலையை ஒரே டப்பாவில் செய்கிற அதற்கு உள்ளேயே பூஸ்டும் இருக்கிறது. ஆம்ப் பிளாக்குக்குப் பின்னால் ஒரு ஈக்யூ (ஈக்வலைசர்) பிளாக் போடுங்கள், காசை வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம்

நியூ ஜெர்சியிலிருந்து அத்தை பையன் ஆசையாக ஒரு பெடல் கொண்டு வந்தான், கூடவே அதன் அடாப்டரும். பெரம்பூர் வீட்டில் கன்வெர்ட்டர் பின் போட்டுச் சொருகினேன். பத்து விநாடியில் கருகின பிளாஸ்டிக் வாசனை, சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தார். அது 120 வோல்ட்டுக்கு மட்டுமான டிரான்ஸ்ஃபார்மர், நம் வீட்டில் 230. முனை பொருந்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். அடாப்டர் மேல் 100-240 என்று இருந்தால்தான் சொருகலாம். பெடல் பிழைத்தது என் நல்ல நேரம்.

இன்னொன்று, டெய்ஸி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாகப் பிரிகிற வயர்) எல்லாப் பெடலையும் கோர்ப்பது. டிஜிட்டல் பெடலின் கீச்சுச் சத்தம் அந்த வயர் வழியாக வரும், பூஸ்ட் அதையும் பெரிதாக்கும். பழைய பாணி ஜெர்மேனியம் டிரெபிள் பூஸ்டர்கள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட், அதை மற்றவற்றோடு ஒரே செயினில் போட்டால் ஷார்ட். தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளை வாங்க முடியாவிட்டால் பூஸ்டுக்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், சாதாரண கிளீன் பூஸ்ட் மிகக் குறைவாகத்தான் இழுக்கும். வாசித்து முடித்ததும் இன்புட்டில் இருக்கிற கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், சொருகி இருக்கிறவரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

செருப்போடு மட்டும் ஒத்திகை பார்ப்பது

ஆடி மாசம் அம்மன் கோயில் மேடையில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். ஷூவால் மிதித்துப் பழகின ஸ்விட்ச் கட்டைவிரலுக்கு இரும்பு ஆணி மாதிரி இருக்கும், பெடல்கள் நெருக்கமாக இருந்தால் குதிகால் பக்கத்து டிலேயையும் சேர்த்து அணைக்கும். பூஸ்டை ஓரத்தில் வையுங்கள்.

மைக்செட்காரரிடம் சொல்லாமல் விடுவது

சவுண்ட் செக்கில் சோலோவை பூஸ்டோடு ஒரு தடவை வாசித்துக் காட்டி, "அண்ணே, இதுதான் சோலோ சத்தம், குறைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. முதல் பாட்டில் சோலோ பாய்ந்ததும் அவர் பதறிப்போய் கன்சோலில் என் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டார், அவர் மேல் தப்பில்லை. சோலோ முடிந்தது, பூஸ்டை அணைத்தேன், ஃபேடர் கீழேயே இருந்தது. அடுத்த இரண்டு பாட்டுக்கு என் ரிதம் யார் காதிலும் விழவில்லை. வாசித்துக்கொண்டே கழுத்தை நீட்டிக் கன்சோல் பக்கம் பார்த்தேன். நாற்காலி காலி. டீ குடிக்கப் போயிருந்தார்.