மீன் தொட்டிக்குத் தனி லைன் இழுப்பது எப்படி?

தொட்டி வாங்கியாகிவிட்டது. ஃபில்டர், ஹீட்டர், எல்இடி, ஏர் பம்ப் என்று கையில் நான்கு பிளக். சுவரில் ஒரே சாக்கெட். உங்கள் நிலைமை இதுதான் என்றால் மேலே படியுங்கள். ஸ்விட்ச், சாக்கெட் மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்பதற்காவது இது உதவும். எதுவானாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டும்.

முதலில் லோடு. ஹீட்டர் 100 வாட், ஃபில்டர் 15, விளக்கு 20, ஏர் பம்ப் 5. மொத்தம் 140 வாட். 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூட வராது. 6 ஆம்பியர் சாக்கெட்டே தாராளம்.

போர்டைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். தொட்டிக்கு நேர் மேலே வேண்டாம். ஸ்டாண்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் போட்டு வைப்பது எனக்கு அறவே பிடிக்காது. தொட்டி கசிந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் போகும். நான்குக்கும் தனித்தனி ஸ்விட்ச் வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை மட்டும் 15 நிமிடம் முன்னதாக அணைக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் தண்ணீர் இறங்கியதும் சூட்டோடு வெளியே தெரியும் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடும்.

ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். ஒயரைப் பிடித்து இறங்கும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினால் வளைவு போய்விடும்.

இனி முக்கியமான வேலை. 6 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), அதற்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்). எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. ஆர்சிசிபி, பேஸில் போன கரன்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்க்கும், குறைந்தால் விழுந்துவிடும், அதாவது தானே அணைந்துவிடும். தொட்டிச் சாமான் பலவும் எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக்கோடுதான் வருகிறது. அதனால் இதில் காசு பார்க்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இது மாட்டிய அன்றே தகராறு. ஏர் பம்ப் ஓடியது. ஃபில்டரைப் போட்டதும் டப்பென்று விழுந்தது. ஃபில்டரில்தான் லீக் என்றார் வந்தவர். வேறு ஃபில்டர் போட்டும் அதே கதை. போர்டைத் திறந்தால், பேஸ் ஆர்சிசிபியிலிருந்து வருகிறது. நியூட்ரலைப் பக்கத்துப் பெட்டியில் முறுக்கிக் கிடந்த பொது நியூட்ரலோடு சேர்த்திருந்தார்கள். போன கரன்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபிக்கு அதுவும் லீக்தான். 5 வாட் பம்ப் இழுப்பது சுமார் 22 மில்லி ஆம்பியர், அதனால் தப்பித்தது. 15 வாட் ஃபில்டருக்கு 65 வருமே! ஆகவே பேஸ், நியூட்ரல் இரண்டுமே ஆர்சிசிபியின் அவுட்புட்டிலிருந்து வர வேண்டும். அந்த நியூட்ரல் வேறு எதையும் தொடக்கூடாது. பழைய வீடுகளில் இதை முதலில் பாருங்கள்.

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: கரன்ட் போனால் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருந்தீர்கள். ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், நியூட்ரலையும் அந்த லைனிலிருந்தே எடுத்து. ஊருக்குப் போயிருக்கும்போது ஆர்சிசிபி விழுந்தாலும் மீனுக்குக் காற்று கிடைக்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் ஒரு செக் வால்வு (ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு) கட்டாயம். இல்லையென்றால் பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாக அதற்குள் இறங்கிவிடும்.