பட்டாசு இரவில் நாயும் பூனையும் பத்திரமாக இருக்க என்ன செய்யலாம்?

என் நாய்க்கு அப்போது ஒன்றரை வயது. வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வந்தவருக்காகக் கதவைத் திறந்தேன். என் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடிவிட்டாள். பெயரைச் சொன்னாலே வாலாட்டிக்கொண்டு வருபவள், அன்று எவ்வளவு கத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு, நின்றுகொண்டிருந்த ஒரு லாரிக்கு அடியில் கண்டுபிடித்தோம். பாதம் தேய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் படித்து, கேட்டு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரைதான் கேட்கும், அதைவிடக் கீச்சென்ற ஒலி நமக்குக் கேட்காது. நாய்க்கு அது சுமார் 45,000. பூனைக்கு 60,000-க்கும் மேல். சத்தம் பெரிதாக இருப்பது மட்டுமில்லை, அது எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அவற்றுக்குத் தெரியாது. நமக்குக் கொண்டாட்டம் என்று தெரியும். அவற்றுக்கு யார் சொல்வது?

படி 1: பயத்தை அடையாளம் காணுங்கள்

நடுக்கமும் ஓலமும் எல்லோர் கண்ணிலும் படும். தவறவிடுவது சின்ன அறிகுறிகளைத்தான்: வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் வடிப்பது, பிடித்த தின்பண்டத்தைக்கூட மறுப்பது, உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது. பூனை பெரும்பாலும் சத்தமே போடாமல் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த பூனை அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. இத்தனை வருடம் பயப்படாத நாய் திடீரெனப் பயப்பட ஆரம்பித்தால், உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு, தசைகளில் உள்ள வலிக்கும் சத்தப் பயத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

படி 2: தொலைந்தால் திரும்பி வர வழி செய்யுங்கள்

கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் தெளிவாக இருக்கட்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். அதைவிடத் தளர்வாக இருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தியிருந்தால், அதற்கான பதிவில் இப்போதைய எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நாய் எங்கே இருக்கிறது என்பதை சிப் காட்டாது. கண்டெடுத்தவர் ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அந்த எண் தெரியவரும். பழைய எண் இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. முழு உடலும் தெரிகிற மாதிரி புதிய புகைப்படம் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

படி 3: சில வாரங்களுக்கு முன்பே சத்தத்தைப் பழக்குங்கள்

வெடிச் சத்தப் பதிவு ஒன்றை மிகக் குறைந்த ஒலியில் போடுங்கள். காது லேசாக அசைய வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு துண்டு தின்பண்டம். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அமைதியாக இருந்தால் சில நாள் கழித்து ஒலியைக் கொஞ்சம் கூட்டலாம். பயம் தெரிந்தால் உடனே பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் அவசரமாக ஆரம்பித்தால், பழக்குவதற்குப் பதில் பயமுறுத்திவிடுவோம். பதிவில் அதிர்வும் மின்னலும் புகை வாடையும் கிடையாது. அதனால் இது மட்டும் போதும் என்று இருந்துவிடவும் கூடாது.

படி 4: பயம் கடுமையாக இருந்தால் மருந்து பற்றிப் பேசுங்கள்

மருந்து கொடுப்பது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். சுவரைப் பிறாண்டி நகம் உடைத்துக்கொள்ளும் நாயைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல், நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே 2015-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. டிராசோடோன், காபாபென்டின் போன்றவற்றையும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். எது, எவ்வளவு என்பதை கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாதாரண நாள் ஒன்றில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

அசெப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

படி 5: ஒளிய ஓர் இடம்

ஜன்னல் இல்லாத அல்லது வீட்டின் உட்பக்கமுள்ள அறை நல்லது. பழைய போர்வை, நீங்கள் உடுத்திய துணி, தண்ணீர் எல்லாம் அங்கே இருக்கட்டும். ஆனால் உங்கள் நாய் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில்தான் ஒளிகிறது என்றால், அதுதான் அதன் இடம். அதையே வசதியாக்குங்கள். வெளியே இழுக்காதீர்கள், உள்ளே பூட்டவும் செய்யாதீர்கள்.

படி 6: அன்றைய பகல்

இருட்டுவதற்கு முன்பே நல்ல நடை கூட்டிப்போய், சிறுநீர் கழிக்க வைத்துவிடுங்கள். கழுத்துப்பட்டை, மார்புப்பட்டை இரண்டிலும் கயிறு இருந்தால் ஒன்று நழுவினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டைச் சீக்கிரம் கொடுங்கள். ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியோ தொலைக்காட்சியோ ஓடட்டும்.

கதவைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறியது அங்கேதான். யாராவது வந்தால், நாய் இருக்கும் அறையின் கதவை முதலில் சாத்துங்கள், அப்புறம் வாசல் கதவைத் திறங்கள். வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும், இதைச் சொல்லி வையுங்கள்.

படி 7: வெடிக்கத் தொடங்கியதும்

இதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அதற்கு மிகவும் பிடித்த ஒரு துண்டைக் கொடுங்கள், அல்லது விருப்பமான விளையாட்டைத் தொடங்குங்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர் 1,225 நாய்களின் வளர்ப்பாளர்களிடம் கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வரிசை முக்கியம். வெடி முதலில், தின்பண்டம் இரண்டாவது. தலைகீழாகச் செய்தால், தின்பண்டம் வந்தாலே சத்தம் வரப்போகிறது என்று கற்றுக்கொள்ளும், உங்கள் கையைப் பார்த்தே நடுங்கும். அமைதியாக இருந்தால்தான் தருவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்தாலும் கொடுங்கள். வாங்கவில்லை என்றால், தின்பண்டத்தால் தணிக்க முடியாத அளவுக்குப் பயம் போய்விட்டது என்று பொருள்; வற்புறுத்தாமல் கூட இருங்கள்.

"தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும், கண்டுகொள்ளாதே" என்று எனக்கும் சொன்னார்கள். ஒரு வருடம் முழுக்க அதை நம்பினேன். அது தவறு. பயம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கிற பழக்கமில்லை, அது உணர்வு. மடியில் ஏற வந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். திட்டுவதும், சத்தத்துக்குப் பழகட்டும் என்று வெளியே இழுத்துப் போவதும்தான் பயத்தைப் பெருக்கும்.

மற்ற பிராணிகள்

பூனையை மாலையிலேயே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். மணல் தட்டு ஒளியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெளிக்கூண்டில் இருக்கும் முயலையும் கினிப் பன்றியையும் உள்ளே மாற்றி, புதைந்துகொள்ள நிறைய வைக்கோல் போடுங்கள். பயந்த முயல் சாப்பிடுவதை நிறுத்திவிடலாம். சில மணி நேரம் எதையும் தொடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். பறவைக் கூண்டைப் பாதி மூடி, மங்கலான விளக்கு ஒன்றை எரிய விடுங்கள். முழு இருட்டில் பயந்தால், குறிப்பாக காக்கடீல் என்ற சிறு கிளி வகை, படபடத்துக் கம்பியில் மோதி இறகை உடைத்துக்கொள்ளும். பறவைகளின் நுரையீரல் புகையைத் தாங்காது, அதனால் அந்த அறையில் ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

படி 8: மறுநாள் காலை

நாயை வெளியே விடுவதற்கு முன் நீங்கள் போய் வெடித்த காகிதம், கம்பி, வெடிக்காத பட்டாசு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பட்டாசு மருந்தில் பேரியம் உப்பு, பெர்குளோரேட் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கலாம். கடித்துத் தின்றுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவரை அழையுங்கள். மிச்சப் பட்டாசு இன்னும் இரண்டு மூன்று நாள் வெடித்துக்கொண்டிருக்கும், கயிறில்லாமல் விடாதீர்கள்.

எது உதவியது, எது உதவவில்லை என்று அன்றே எழுதி வையுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம். என் நோட்டில் போன முறை எழுதியது: "கட்டிலுக்கு அடியில் இரண்டு மணி நேரம். 19 துண்டு வாங்கிக்கொண்டாள். பத்தரைக்குத் தூங்கிவிட்டாள்."