மூஸ் தோலுக்கு உப்பு போடும் முன்

கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் வகையை வேட்டையாடப் போகிறவர்கள் தலையையும் தோலையும் பாடம் செய்து வைக்க நினைத்தால், முதல் சில மணி நேரம்தான் முக்கியம். உரித்த தோலைச் சூட்டோடு சுருட்டி பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். வெப்பம் உள்ளேயே தங்கி, பாக்டீரியா பெருகி, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும். நிழலில் விரித்து ஆறவிடுங்கள்.

அப்புறம் சதை, கொழுப்பு, ஜவ்வு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு இறங்காது. பலர் கோட்டைவிடுவது முகத்தில்தான். காதுத் தோலைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து, நுனிவரை உள்புறம் வெளியே வரத் திருப்ப வேண்டும். உதடு, மூக்கு ஓரங்களை உள்பக்கமாகக் கீறி விரிக்க வேண்டும். மூஸின் மூக்கு நல்ல தடிமன், பொறுமையாகச் செதுக்குங்கள்.

அயோடின் சேராத தூள் உப்புதான் சரி, கல் உப்பு ஒட்டாது. தோலின் எடைக்குச் சமமாக உப்பு எடுத்து, மடிப்புகளிலெல்லாம் விரலால் அழுத்தித் தேய்த்து, சரிவான பலகையில் போட்டால் நீர் வடியும். 24 மணி நேரம் கழித்து ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பு போடுங்கள். வெயிலில் காயவைக்கவே வேண்டாம்.