மலையைப் பார்த்துப் பேசும் முன்: விசுவாச வசனங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பிரசங்கம் பழகும் ஒரு தம்பி, போன மாதம் எங்கள் வேதபாட வகுப்பில் மத்தேயு 17:20ஐ எடுத்துக்கொண்டான். கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் மலை அப்புறம் போகும் என்கிற வசனம். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம், "மலை நகரவில்லை என்றால் உங்கள் விசுவாசத்தில் ஏதோ குறை இருக்கிறது" என்றான். எனக்குப் பகீரென்றது. இருபது வருடத்துக்கு முன் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். மேடையில்கூட இல்லை, ஒரு நோயாளியின் கட்டிலோரத்தில் நின்றுகொண்டு.

"நானே வாசல்" என்ற இயேசுவுக்குக் கீல் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. வலது கண்ணைப் பிடுங்கிப் போடு என்பதையும் யாரும் அப்படியே செய்வதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களே வழுக்கி விழும் இடங்கள்தான் இங்கே.

விசுவாசத்தை எடை போடுவது

மலையைப் பெயர்ப்பது யூதர்களிடையே புழங்கிய ஒரு பேச்சுவழக்கு. நுணுக்கமாக வாதிடும் அறிஞரை "மலைகளைப் பிடுங்குகிறவர்" என்று யூதர்களின் போதனை நூலான தல்மூது சொல்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சகரியா தீர்க்கதரிசி, "பெரிய பர்வதமே, நீ எம்மாத்திரம்?" என்று கேட்டுவிட்டார், எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டிய தலைவர் செருபாபேலின் முன் நின்றது ஆலயம் கட்டுவதில் இருந்த தடை. லூக்காவில் மலையே இல்லை, அந்த இடத்தில் ஒரு காட்டத்தி மரம் வேரோடு பிடுங்கப்பட்டுக் கடலில் நடப்படுகிறது. ஆக, மலை உருவகம் என்பதைப் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மலையை உருவகமாக வாசிக்கும் அதே ஆள், கடுகை மட்டும் எடைக்கல்லாக்கித் தராசில் வைத்துவிடுகிறார். இவருக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறார்.

நான் போட்டேன். கட்டிலோரத்தில் நான் அப்படிச் சொன்னது நோயாளியின் மனைவியிடம். அவருடைய கணவருக்குப் பல மாதமாக நோய். உபவாசம், ஜெபம் எதிலும் அந்த அக்கா குறை வைக்கவில்லை. ஆனாலும் கணவரின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. "இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருக்கலாம் அக்கா" என்றேன். அவர் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு தம்பி குறைஞ்சுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அடக்க ஆராதனையில் அவர் கண்ணில் படாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் வசனத்தின் முன்னும் பின்னும் ஒழுங்காக வாசித்தேன். லூக்கா 17இல், "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று அப்போஸ்தலர்கள் கேட்கிறார்கள். இன்னும் அதிகம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இயேசு காட்டியது, சிறியதற்குப் பேர்போன கடுகு. அளவைப் பற்றிய கேள்வியையே அவர் ஒதுக்கிவிடுகிறார். அதை எடுத்து அளவுகோல் செய்தது நாம்தான்.

மத்தேயு 17இல் திட்டு வாங்கியது யார் என்றும் பாருங்கள். நோயாளிப் பையன் இல்லை, அவனுடைய அப்பாவும் இல்லை. சுகமாக்கப் போய் முடியாமல் திரும்பிய சீஷர்கள்! "எங்களால் ஏன் கூடாமற்போயிற்று?" என்று அவர்கள் தனியாக வந்து கேட்டபோது கிடைத்த பதில் அது. அந்த வசனம் யார்மேலாவது பாய வேண்டுமென்றால், கட்டிலோரத்தில் நின்று ஜெபித்த என்மேல்தான் பாய்ந்திருக்க வேண்டும். நானோ அதை அந்த அக்காவின் பக்கம் திருப்பிவிட்டேன். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசுகிறார். படுக்கையில் கிடந்தவனிடம் யாரும் அளவு கேட்கவில்லை.

பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது. அவர் தன் தோழர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வருகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். மாம்சத்திலே ஒரு முள் என்று தானே சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டியும் அந்த முள் போகவில்லை. எபிரெயர் 11இல் சிலர் விசுவாசத்தினால் பட்டயத்துக்குத் தப்புகிறார்கள். மூன்று வசனம் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டுச் சாகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நற்சாட்சிதான். விசுவாசப் பட்டியல் என்று அந்த அதிகாரத்தைப் பிரசங்கிப்பவர்கள் 35ஆம் வசனத்தின் முதல் பாதியோடு, வதைக்கப்பட்டவர்கள் வருவதற்கு முன்பே, நிறுத்திக்கொள்வதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

உருவகம் என்றால் பொய் என்று நினைப்பது

"வயிறு எரிகிறது" என்று ஒரு தாய் சொன்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். பொய் சொல்கிறாள் என்றும் சொல்ல மாட்டோம்.

எல்லாவற்றையும் உருவகமாக்குவது

முதல் தவறில் சூடுபட்டவர்கள் வந்து விழும் குழி இது. நானும் சில வருடம் கிடந்தேன். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரர் பவுல் என்று பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின் விளக்கினார். அழகுதான். ஆனால் "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்டவனுக்குக் கதை கொடுத்த உதை அதில் காணாமல் போகிறது.

யாக்கோபு 2இல் வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரன் வருகிறான். அதை "ஆவிக்குரிய நிர்வாணம்" என்று விளக்கிய ஒரு பிரசங்கம் கேட்டேன். பேசியவருக்கு வசதிதான், சட்டை வாங்கித் தர வேண்டியதில்லை! கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதும் அவர் உருவகம் பேசவில்லை. நம்புவதும் நம்பாததும் வாசிப்பவர் விருப்பம். எழுதியவர் நடந்ததாகவே சொல்கிறார் என்பதை மறைக்கக் கூடாது.

"விசுவாசம்" என்றால் மனதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது என்று எடுப்பது

விசுவாசமான வேலைக்காரன் என்கிறோமே, அந்தப் பொருளையும் உள்ளே விடுங்கள். கிரேக்கத்தின் "பிஸ்டிஸ்" நம்பிக்கை, உண்மைத்தன்மை இரண்டையும் சுமக்கிறது. ஆபகூக்கின் "விசுவாசத்தினாலே பிழைப்பான்" என்ற வரியில் இருக்கும் எபிரெயச் சொல் "எமுனா". யாத்திராகமம் 17இல் பொழுது சாயும்வரை மோசேயின் கைகள் நிலையாக இருந்தன என்கிற இடத்திலும் அதே சொல்தான். அந்தக் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாக்குத்தத்தத்தை நீட்டிக் கடவுளைச் சோதிப்பது

தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிற 91ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டி, "தாழக்குதியும்" என்றது யார் என்று மத்தேயு 4இல் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிசாசு!

பாம்பு

எடுக்காதீர்கள். விசுவாசிக்கிறவர்கள் பாம்புகளை எடுப்பார்கள் என்கிற மாற்கு 16:18 வருகிற நீண்ட முடிவுப் பகுதி, 4ஆம் நூற்றாண்டின் சினாயிட்டிகஸ், வத்திக்கானஸ் ஆகிய இரண்டு பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் இல்லை. அவை 8ஆம் வசனத்தோடு முடிகின்றன. அமெரிக்காவில் பாம்பைக் கையில் பிடிக்கும் ஆராதனையைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி, 1955இல் பாம்பு கடித்தே இறந்தார்.

ஒரு சுவிசேஷத்தோடு நிறுத்திக்கொள்வது

தம்பியிடம் வகுப்பு முடிந்ததும் மாற்கு 9ஐத் திறக்கச் சொன்னேன். மத்தேயு 17இல் வந்த அதே பையன், அதே சம்பவம். அங்கே அப்பா, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறார். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். பையன் சுகமாகிவிடுகிறான்.

இரண்டு முறை வாசித்தான். "அப்போ நான் சொன்ன அந்த வரியை எடுத்துடவா அண்ணே?" என்றான்.

"எடுத்துடு" என்றேன்.