முடி அதிகம் உதிராத நாய்: ஓடியாடும் குடும்பத்துக்கு ஏற்ற இனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டில் நாய் வளர்க்கும் பேச்சு எழுந்தால், பிள்ளைகள் ஓடி விளையாடத் துணை கேட்பார்கள்; பெருக்கித் துடைக்கும் பொறுப்பில் இருப்பவர், முடி கொட்டாத நாயாக இருந்தால் மட்டுமே சம்மதம் என்பார். இரண்டும் நியாயமான விருப்பங்கள். இரண்டுக்கும் பொருந்துகிற இனங்களும் இருக்கின்றன. ஆனால், முடி உதிராத நாய் தன் பங்குக்கு நம்மிடம் கேட்கும் உழைப்பு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகே குட்டி பார்க்கக் கிளம்ப வேண்டும். முதன்முறையாக நாய் வளர்க்க நினைக்கும், நடையும் ஓட்டமும் விளையாட்டும் அன்றாட வழக்கமாக உள்ள தமிழ்நாட்டு நகரக் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: உதிராத முடி எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

முடியே உதிராத நாய் என்று ஒன்று இல்லை. எல்லா நாய்களின் முடியும் வளர்ந்து, சிறிது காலம் ஓய்ந்து, பிறகு உதிர்ந்து புது முடிக்கு இடம் விடுகிறது. லாப்ரடாருக்கு வளரும் பருவம் குறுகியது. மேல்முடிக்கு அடியில் அடர்ந்த மென்முடியும் இருப்பதால் ஆண்டு முழுவதும் தரையில் முடி கிடக்கும். சுருள்முடி நாய் இனமான பூடிலுக்கு வளரும் பருவம் மிக நீளமானது. நம் தலைமுடியைப் போல வெட்டும்வரை வளர்ந்துகொண்டே போகும். அதிலும் கொஞ்சம் உதிரத்தான் செய்கிறது, ஆனால் உதிர்ந்த முடி சுருள்களுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடுகிறது. யாராவது சீப்பெடுத்து வாரி வெளியே எடுக்காவிட்டால் அது சடையாகத் திரண்டு தோலை இழுக்கும். ஆகவே, முடி உதிராத நாயை வாங்குகிறவர் துடைப்பத்தின் வேலையைச் சீப்புக்கு மாற்றிக்கொள்கிறார். இந்த மாற்றம் உங்களுக்கு ஏற்புடையதா என்பதுதான் முதல் கேள்வி.

நாய்களின் முடி வகைகளில் பெரும்பகுதிக்கு 3 மரபணுக்களே காரணம் என்று 2009இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவற்றில் ஒன்று மீசையும் தாடியும் புதர்போன்ற புருவமும் தருவது. அந்த அமைப்புள்ள நாய்களுக்கு முடி உதிர்வு பொதுவாகக் குறைவு. எனவே, புதிதாகப் பார்ப்பவர் முகத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்.

வீட்டில் யாருக்கேனும் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவே. ஒவ்வாமை தராதவை என்று விளம்பரப்படுத்தப்படும் இனங்கள் வாழும் வீடுகளின் தூசியை மற்ற வீடுகளின் தூசியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, அந்தப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2011இல் தெரிவித்தது. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா, மகள் ஒருவரின் ஒவ்வாமையைக் கருதி 2009இல் போர்ச்சுகீசிய வாட்டர் டாக் என்ற நாய் இனத்தைச் சேர்ந்த 'போ'வை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் அவர்களுக்கு ஒத்துவந்தது உங்களுக்கும் ஒத்துவரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒவ்வாமை உள்ளவர், தேர்ந்தெடுக்க நினைக்கும் இனத்தின் வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்குச் சில முறை போய், அருகில் உட்கார்ந்து, தடவிப் பார்த்து, அதன்பின் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். ஒரு குறிப்பு: ஒவ்வாமைப் புரதங்களில் ஒன்று ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில்தான் உருவாகிறது. அதற்கு மட்டுமே ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பெண் நாய் பொருந்தக்கூடும் என்பதால், பரிசோதனையின்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: குடும்பத்தின் நேரத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள்

நாயை நடத்திக்கொண்டு போவது யார், எத்தனை மணிக்கு என்று பெயர் போட்டு எழுதுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் காலை 7 மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும். மாலையில் தார்ச்சாலையின் சூடு தணிந்த பிறகே இறங்க முடியும். வார நாட்களில் இந்த நேரங்களில் யாரும் ஓய்வாக இல்லை என்றால், உங்கள் குடும்பம் சுறுசுறுப்பானதாகவே இருந்தாலும் அந்தச் சுறுசுறுப்பு நாய்க்குப் பயன்படாது. அடுத்து, வாரத்தில் 3 நாட்களாவது அரை மணி நேரம் சீப்போடு உட்காரப் போவது யார் என்று எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெயரை இங்கே எழுத வேண்டாம். அவர்கள் உதவலாம், பொறுப்பு பெரியவர் ஒருவருடையதாக இருக்க வேண்டும். 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை முடி வெட்டும் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 முதல் 15 ஆண்டுகள் நீளக்கூடிய செலவு இது.

படி 3: இனங்களை ஒப்பிடுங்கள்

பெரும்பாலான குடும்பங்களுக்கு என் பரிந்துரை மினியேச்சர் பூடில்தான். தோள்வரை ஏறத்தாழ 25 முதல் 38 செ.மீ. உயரமும் 5 முதல் 7 கிலோ எடையும் இருக்கும். அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்கும், அதேசமயம் பந்தின் பின்னால் அலுக்காமல் ஓடும். கண்காட்சிகளில் காணும் அந்த ஆடம்பர முடி அலங்காரத்தைப் பார்த்து, மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கான நாய் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பூடில் உண்மையில் வேட்டையில் சுடப்பட்ட நீர்ப்பறவைகளை நீந்திப் போய் எடுத்துவரப் பழக்கப்பட்ட இனம். நீந்த வசதியாக உடல் முடியைக் கத்தரித்துவிட்டு, மார்பிலும் மூட்டுகளிலும் குளிர் தாக்காதிருக்க முடியை விட்டுவைத்ததிலிருந்து வந்ததே அந்த அலங்காரம் என்பார்கள். சொல்வதைச் சட்டெனப் பிடித்துக்கொள்ளும் அறிவும், மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பும் புதியவர்களுக்குப் பெரிய துணை. தனியாக நாள் முழுக்க விட்டுப்போனால் மட்டும் ஏங்கிக் குரைக்கும்.

தனி வீடும், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய பெரியவர்களும் இருந்தால் ஸ்டாண்டர்டு பூடிலை எண்ணிப் பார்க்கலாம். 18 முதல் 32 கிலோ வரை வளரும் என்பதால் சீப்பு வேலையும் அதே அளவுக்குப் பெருகும். இந்த இனத்தில் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்தும், ஆடிசன் நோய் எனப்படும் சுரப்பிக் குறைபாடும் காணப்படுவதால் மருத்துவமனை அருகில் இருப்பது நல்லது.

மினியேச்சர் ஷ்னாசர் ஜெர்மனியின் பண்ணைகளில் எலி பிடிக்க வளர்க்கப்பட்ட தாடிக்காரன். சுறுசுறுப்பும் துணிச்சலும் நிறைந்தது. வாசலில் காலடி கேட்டால் குரைக்கும், அண்டை வீட்டாரை நினைத்து முடிவெடுங்கள். இதன் இரத்தத்தில் கொழுப்பு ஏறும் தன்மையும் கணைய அழற்சியும் அதிகம் என்பதால், பிள்ளைகள் சாப்பிடும்போது வடையையும் அப்பளத்தையும் பிட்டுப் போடும் வீட்டுக்கு இது சரிப்படாது.

முடி உதிராத நாய் என்று கேட்டவுடன் பலரும் காட்டுவது ஷிட்ஸு. உதிர்வு குறைவு, குணம் இனிமை என்பதெல்லாம் உண்மையே. ஆனால் நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வாய் திறந்து இரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது; ஷிட்ஸுவின் தட்டையான மூக்கும் குறுகிய மூச்சுப்பாதையும் அதற்குப் போதாது. ஓடும் குடும்பத்தோடு சென்னை வெயிலில் அதை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. அமைதியாக வீட்டுக்குள் இருக்கும் முதியவர்களுக்கு அது நல்ல துணை, உங்களுக்கு வேண்டாம்.

லாப்ரடாரும் பூடிலும் கலந்த லாப்ரடூடிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1989 வாக்கில் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் நிறுவனத்தில் பணியாற்றிய வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்ணுக்காக லாப்ரடாரையும் ஸ்டாண்டர்டு பூடிலையும் இணை சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை இருந்தது. பிறந்த 3 குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அனுப்பிச் சோதித்தபோது, அவருக்கு ஒத்துவந்தது ஒரு குட்டி மட்டுமே. கலப்பினக் குட்டிகளின் நிலை இன்றும் அதுதான்: ஒரே ஈற்றில் ஒன்று பூடில்போலவும் மற்றொன்று லாப்ரடார்போலக் கொட்டுவதாகவும் அமையலாம். ஆகவே, முடியே உதிராது என்று உத்தரவாதம் கொடுத்துக் கூடுதல் விலை கேட்பவரை நம்ப வேண்டாம்.

சீப்பைத் தொட நேரமே இல்லை, ஓட மட்டும் ஆசை என்றால் நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையையும் கன்னியையும் பாருங்கள். முடி உதிரும், ஆனால் குட்டையாக உடலோடு ஒட்டிய மெல்லிய முடி என்பதால் வாரம் ஒருமுறை ரப்பர் கையுறையால் தேய்த்துவிட்டாலே போதும். நம் வெயிலுக்குப் பழகிய உடல். ஆனால் இவை முயல் வேட்டைக்கு உருவான நாய்கள். பூனையோ கோழியோ ஓடக் கண்டால் காற்றாகப் பறக்கும், கூப்பிட்டாலும் திரும்பாது, வேலியிட்ட திடல் இல்லாமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. வீட்டாரிடம் மிகுந்த பாசமும் அயலாரிடம் ஒதுக்கமும் காட்டும்.

படி 4: குட்டியைத் தாயோடு சேர்த்துப் பாருங்கள்

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டிகளை வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். தாய் நாயைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். தாயின் குணம்தான் குட்டியின் குணத்துக்குக் கிடைக்கும் நம்பகமான முன்னறிவிப்பு. மினியேச்சர் பூடிலாக இருந்தால், பெற்றோருக்கு விழித்திரைச் சிதைவு நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் முழங்கால் சில்லுப் பரிசோதனையும் நடந்திருக்கின்றனவா என்று விசாரியுங்கள். கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும். உடல்நலத்துக்கு அது சான்றாகாது. கோப்பைக்குள் அடங்கும் அளவு என்று விற்கப்படும் மிகச்சிறிய குட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

குட்டிகளின் நடுவே தரையில் உட்கார்ந்து, சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளிக் கீழே போட்டுப் பாருங்கள். எல்லாக் குட்டிகளும் திடுக்கிடும். சில நொடிகளில் தெளிந்து, மோந்து பார்க்க வரும் குட்டி பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. மூலையில் ஒடுங்கி நெடுநேரம் வராத குட்டியைப் பழக்க அனுபவம் வேண்டும். கைவிடப்பட்ட வளர்ந்த பூடிலோ ஷ்னாசரோ காப்பகத்தில் கிடைத்தால், தயங்காமல் போய்ப் பாருங்கள். குணமும் முடியும் முழுதாக உருவான நிலையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பது குட்டியிடம் கிடைக்காத வசதி.

வாங்கியதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி அட்டவணையைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று அதற்குத் தேவைப்படும்.

படி 5: முதல் வாரத்திலிருந்தே சீப்பைப் பழக்குங்கள்

வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் ஒன்றும், நெருக்கமும் இடைவெளியும் கலந்த எஃகுச் சீப்பு ஒன்றும் போதும். மேலோட்டமாக பிரஷ் போட்டால் வெளிமுடி பஞ்சுபோலப் பொங்கி அழகாகத் தெரியும். அடியில் சடை அப்படியே இருக்கும். ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். அந்த வகிட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் சிறிது சிறிதாக விடுவித்து வாரிவிட்டு, அரை அங்குலம் மேலே அடுத்த வகிட்டுக்குப் போங்கள். முடித்ததும் எஃகுச் சீப்பைத் தோல்வரை இறக்கி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால்தான் வேலை முடிந்தது. காதின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடிப்புறம், தொடையிடுக்கு ஆகியவற்றில்தான் சடை முதலில் பிடிக்கும். சடை இருக்கும்போது குளிப்பாட்டினால் அது இறுகிக் கெட்டியாகிவிடும் என்பதால், வாரிய பின்னரே குளியல், குளித்தபின் அடிமுடிவரை உலர்த்தல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பூடிலுக்கு ஏறத்தாழ 9 மாதம் முதல் குட்டி முடி மாறி முதிர்ந்த முடி வரும் காலத்தில், தினமும் வாரினாலும் போதவில்லை என்று தோன்றும். அந்தச் சில மாதங்களுக்கு முடியை ஓர் அங்குலத்துக்குக் குறைத்து வெட்டிவிடுவது நாய்க்கும் உங்களுக்கும் நிம்மதி. ஆனால் தோல் தெரிய மழிக்க வேண்டாம், வெயில் நேரடியாகத் தாக்கும்.

படி 6: ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்

எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது சிறிய இனங்களில் ஏறத்தாழ ஓராண்டும் பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டும், குட்டியைச் சைக்கிளோடும் நெடுந்தூர ஓட்டத்தோடும் இழுத்துச் செல்லக் கூடாது; புல்லில் தன் விருப்பத்துக்கு ஓடி நிற்கும் விளையாட்டே போதும். சாலையில் இறங்குமுன் புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். 7 நொடி தாங்க முடியாத சூடு பாதங்களையும் சுடும்.

திரும்பி வந்ததும் உண்ணி தேட வேண்டும். சுருள் முடிக்குள் எள்ளளவு உண்ணி கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். காது மடலின் உட்புறம், விரல் இடுக்குகள், வாலின் அடி ஆகிய இடங்களை ஒவ்வொரு நாளும் தடவிப் பாருங்கள். மருத்துவர் பரிந்துரைக்கும் உண்ணித் தடுப்பு மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். அப்படியிருந்தும் நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்து, உடல் கொதித்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.