மூணாறில் வானம் பார்க்கப் பழகி, குல்மார்க்கில் சறுக்கப் போவது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் என் ஃபோனுக்கு ஓய்வே இல்லை. மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவனுக்கு அப்படித்தான். "நாளைக்குப் பனி விழுமா?" மதுரைக்காரர் "அண்ணே" போட்டுக் கேட்பார், எர்ணாகுளத்துக்காரர் "சேட்டா" போட்டுக் கேட்பார். கேள்வி ஒன்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: எந்தப் பனி?

புல்நுனியில் நிற்கிற துளியும் நமக்குப் பனி. ரோட்டை மறைக்கிற மூடுபனியும் பனி. மூணாறு பக்கத்துச் செண்டுவாரை எஸ்டேட் புல்வெளியை விடியற்காலையில் வெள்ளையாக்குகிற உறைபனியும் பனி. காஷ்மீரில் வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. மலையாளத்திலும் இதே கதைதான், எல்லாமே 'மஞ்ஞு'. இந்தக் குழப்பத்தோடு பனிச்சறுக்குக்கு டிக்கெட் போட்டால் காசு போகும். எனக்குப் போனது.

2024 ஜனவரி இரண்டாம் வாரம் பனியில் சறுக்க ஆசை ஆசையாகக் காஷ்மீரின் குல்மார்க் போய் இறங்கினேன். பல் கிட்டுகிற குளிர். ஆனால் கண்ணுக்கெட்டிய வரை காய்ந்த பழுப்புப் புல். அந்த வருஷம் ஜனவரி கடைசி வரைக்கும் அங்கே சொல்லிக்கொள்ளும்படி பனி விழவில்லை. குளிர் இருந்தால் பனி இருக்கும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. அந்தத் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தச் செய்முறை.

படி 1: ஒரு மாதம் வீட்டு வாசலில் பழகுங்கள்

ஒரு நோட்டு, ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். இரவு 9 மணிக்கு வெளியே வந்து இரண்டே விஷயம் எழுதுங்கள்: நட்சத்திரம் தெரிகிறதா, இலை அசைகிறதா. காலை 6 மணிக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு அளவு, புல்லோடு புல்லாக வைத்து ஒரு அளவு.

ஒரே வாரத்தில் ஒன்று பிடிபடும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து காற்றும் அடங்கிய இரவில்தான் புல் வெளுக்கும். நிலம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மேலே விட்டுவிடுகிறது. தடுக்க மேகம் இல்லையென்றால் அத்தனையும் போய்விடும். நெஞ்சு உயரத்தில் 2 டிகிரி காட்டும்போதே புல்மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகுவதும் இந்த இரவுகளுக்கு மறுநாள்தான். வங்கக்கடலில் ஒரு தாழ்வழுத்தம் வந்து மேகம் மூடினால் அன்றைக்கு உறைபனி கிடையாது.

இன்னொன்று. குளிர்ந்த காற்று கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கும். அதனால்தான் எஸ்டேட் பள்ளத்தில் வெள்ளை விரித்திருக்கும்போது மேட்டு லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் ஒன்றுமே இருக்காது. இதை மறக்காதீர்கள், மூன்றாம் படியில் காஷ்மீருக்கே இது உதவும்.

மூணாறில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஆந்திராவின் குப்பம், சித்தூர் பக்கம் இருப்பவர்கள் உறைபனிக்குப் பதில் புல்லில் இறங்கும் பனித்துளியைக் கணக்கு வையுங்கள். பாலக்காட்டுக்காரர்களுக்கு மார்கழிக் காற்று விடாது. அது வீசுகிற இரவில் புல் காய்ந்தே கிடக்கும். காற்று என்ன செய்யும் என்பதற்கு அதுவே பாடம்.

படி 2: இப்போது எல்லாவற்றையும் தலைகீழாகப் போடுங்கள்

உறைபனிக்கு மேகம் எதிரி. பனிப்பொழிவுக்கோ மேகம்தான் முதல். குல்மார்க்கில் எவ்வளவு குளிர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஈரம் வருகிறதா என்று பாருங்கள்.

அந்த ஈரத்தைக் கொண்டுவருவது 'மேற்கத்திய இடையூறு'. மத்தியதரைக்கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகி, உயரே வீசும் மேலைக்காற்றில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நம் இமயமலையில் வந்து முட்டும். குளிர்காலத்தில் சராசரியாக மாதம் நாலைந்து வரும். எல்லாம் கொட்டாது, சில சும்மா மேகம் காட்டிவிட்டுப் போய்விடும். 2024 ஜனவரியில் நடந்தது அதுதான்: வலுவான இடையூறு ஒன்றும் வராமல் வானம் தெளிந்து கிடந்தது. தெளிந்த வானம், கடுங்குளிர், பனி இல்லை. செண்டுவாரைக் காலை மாதிரியேதான், என்ன, எனக்கு விமானக் கட்டணம் வேறு.

காஷ்மீரிகள் கடுங்குளிர் 40 நாளைச் 'சில்லை கலான்' என்கிறார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி கடைசியில் முடியும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் இருப்பது போல என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு சின்னக் குளிர் 20 நாள், குட்டிக் குளிர் 10 நாள்.

படி 3: ஆப்பில் எதைப் பார்ப்பது

விண்டி மாதிரி ஆப்பில் குல்மார்க்கை வைத்துக்கொள்ளுங்கள். அதில் வானிலையைக் கணிக்கிற அமெரிக்க மாடலும் ஐரோப்பிய மாடலும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் மழைமேகம் காட்டினால் நம்பலாம். ஒன்று மட்டும் காட்டினால் காத்திருங்கள். 5 நாளைக்குள் இருப்பதற்கு மதிப்பு உண்டு. 10 நாள் தள்ளி 60 சென்டிமீட்டர் பனி என்று காட்டுவதைக் குடுகுடுப்பைக்காரர் வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உறைநிலை உயரம். பூஜ்ய டிகிரி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஆப் சொல்லும். குல்மார்க் மைதானம் சுமார் 2,650 மீட்டர். கிட்டத்தட்ட நம் ஆனைமுடி உச்சி, 2,695. உறைநிலை 2,400 என்றால் மைதானத்திலும் பனிதான். 3,200 என்றால் மைதானத்தில் மழை, மேலே அபர்வத் மலையில் மட்டும் பனி. பனித்திவலை உருக நேரம் பிடிக்கும் என்பதால் உறைநிலைக்கு 200, 300 மீட்டர் கீழே வரைகூடப் பனியாகவே வந்து சேரும்.

ஆப் மழையளவை மில்லிமீட்டரில் காட்டும். 1 மில்லிமீட்டர் தண்ணீர் சுமார் 1 சென்டிமீட்டர் பனி. குளிர் கூடக் கூடப் பனி உலர்ந்து இன்னும் உயரமாகக் குவியும்.

ஒரு மனக்கணக்கு: 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். அங்கே 4 டிகிரி என்றால் குல்மார்க்கில் மைனஸ் 3. ஆனால் இது மேகமும் காற்றும் உள்ள நாளுக்குத்தான். தெளிந்த இரவில் ஸ்ரீநகர்ப் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கிவிடும், கணக்கு பொய்க்கும். எஸ்டேட் பள்ளம், மேட்டு லயம் ஞாபகம் வருகிறதா?

நேரத்தையும் கவனியுங்கள். சில படங்களில் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரம் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டும். ஸ்ரீநகர் வானிலை மையம் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைக் கடைசியாகப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 4: தேதி குறிப்பது

ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி முடிய என்பது பழைய கணக்கு. இப்போது பனி பிந்துகிறது. 2025-இல் குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். நானும் அந்த மாதிரித்தான்: மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டாகப் போட்டு, பிப்ரவரி முழுக்க மேற்கே பார்த்துக்கொண்டே இருந்து, மாதக் கடைசியில் பெரிதாகக் கொட்டிய பிறகு மார்ச்சில் போனேன். முன்பனி ஏமாற்றினால் பின்பனி. முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு பிப்ரவரி இரண்டாம் பாதி. நான்கு நாள் சறுக்க ஆசையென்றால் ஏழு நாள் ஒதுக்குங்கள்.

படி 5: போய்ச் சேருவது

கொச்சி, டெல்லி, ஸ்ரீநகர் என்று விமானம். பனி கொட்டுகிற நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், ஜம்மு நெடுஞ்சாலையும் ராம்பன் பக்கம் அடைபடும். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுவது நல்ல மாற்றுவழி. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர் சொச்சம். தங்மார்க் தாண்டி மேலே ஏற, பனி நாளில் சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட வண்டியையோ நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியையோதான் விடுவார்கள். நானே டிரைவர்தான், அந்த ரோட்டில் ஸ்டியரிங்கை வாங்கிப் பார்க்க ஆசைப்படவில்லை. நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

படி 6: முதல் நாள்

எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கீ பலகை உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் நிற்கட்டும். பூட்ஸ் இறுக்கமாக, உள்ளே ஒரே ஒரு கம்பளி சாக்ஸ். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம். மைதானத்துச் சின்னச் சரிவில் பயிற்சியாளரோடு தொடங்குங்கள். முன்கூட்டியே திட்டமிட முடிந்தால், 1968 முதல் அங்கே இயங்கும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனத்தின் வகுப்பில் சேரலாம். பலகை முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து நிற்கப் பழகுவதே முதல் பாடம். அதுதான் பிரேக்.

படி 7: போகக்கூடாத இடம்

கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேலே அபர்வத்தில் விடும். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். புதியவர்கள் அங்கிருந்து சறுக்கி இறங்க நினைக்கவே வேண்டாம். கொட்டி ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாக, பனி பஞ்சாக, ஆளைக் கூப்பிடும். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் பனிச்சரிவு அதிகம் நடப்பதும் அந்த முதல் ஒன்றிரண்டு நாளில்தான். 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்துக்காரர்கள், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் அந்த மலையில் இறந்தார்கள். மூவரும் சறுக்க வந்தவர்கள்தான். சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது மணி 9. வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கிழக்கே மேகம் ஏறுகிறது, ஒரு நட்சத்திரம் இல்லை. செண்டுவாரை போக 5 மணிக்கு ஜீப் கேட்ட சேலத்துக் குடும்பத்துக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு நன்றாகத் தூங்கச் சொல்லவேண்டும்.