நாய்க்குட்டி தேடும்போது முதலில் தாயைப் பாருங்கள்
கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டக் காவலுக்கு நாய்க்குட்டி தேடுகிறீர்களா? பால்காரரிடமும் கால்நடை மருந்தகத்திலும் சொல்லி வையுங்கள், எந்த வீட்டில் குட்டி போட்டிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். நேரில் போய்த் தாயைப் பாருங்கள். ஆளைக் கண்டதும் அது பதுங்கி நடுங்கினால் குட்டிக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். 8 வாரத்துக்கு முன்னால் பிரிக்கவே வேண்டாம், பாவம், கூடப்பிறந்ததுகளோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. வெள்ளை ராஜபாளையம் என்றால் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள், வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ காரணமாக இருக்கலாம். அப்புறம், 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, தள்ளிப்போடாதீர்கள்.